ஃபுல் ஃபிரேம் கேமரா: கூடுதல் காசு படத்தில் தெரியுமா?

4 ஜூன் 2025, கேள்வி

கையில் இருப்பது கேனன் கிராப் பாடி, அதாவது சின்ன சென்சார் கேமரா. கூட 50 எம்எம் எஃப் 1.8, ஒரு 18-55 என்று இரண்டு லென்ஸ். மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ (வெளிச்சம் குறைந்தால் ஏற்றுகிற எண்) 3200 தாண்டினால் படத்தில் மணல் தூவின மாதிரி இருக்கிறது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் போகலாம் என்று மூன்றைக் குறித்து வைத்திருக்கிறேன்: கேனன் ஆர்8, நிக்கான் இசட்5 டூ, சோனி ஏ7 ஃபோர். முதலுக்கும் கடைசிக்கும் ஆயிரம் டாலர் வித்தியாசம். விலை கூடக் கூட படத் தரமும் கூடும்தானே?

4 ஜூன், இரவு

கூடாது.

வெளியான விலை: ஆர்8 1499 டாலர், இசட்5 டூ 1699, ஏ7 ஃபோர் 2499. முதல் இரண்டும் 24 மெகாபிக்சல், மூன்றாவது 33. மூன்றிலும் ஐஎஸ்ஓ 3200-ல் ஒரே காட்சியை ரா (கேமரா பதப்படுத்தாத ஃபைல்) எடுத்து, ஒரே அளவுக்குச் சுருக்கி, பெயரை மறைத்து வைத்தால் எது எது என்று சொல்ல முடியாது. சொல்கிறவர் ஊகிக்கிறார்.

காரணம் எளிது. மங்கிய வெளிச்சத்தில் நீங்கள் பார்க்கிற நாய்ஸில், அதாவது அந்த மணலில், பெரும் பங்கு கேமராவிலிருந்து வருவதே இல்லை, வெளிச்சத்திலிருந்து வருகிறது. ஃபோட்டான்கள் என்கிற ஒளித்துகள்கள் மழைத்துளி மாதிரி ஒழுங்கில்லாமல் விழுகின்றன. நான்கு மடங்கு வெளிச்சம் பிடித்தால் நாய்ஸ் இரண்டு மடங்குதான் ஏறும், ஆகவே படம் இரண்டு மடங்கு சுத்தம். இந்தக் கணக்கை எந்தக் கம்பெனியும் மாற்ற முடியாது. ஃபுல் ஃபிரேம் சென்சார் எல்லாமே 36க்கு 24 மில்லிமீட்டர். பிடிக்கிற பாத்திரம் ஒன்று என்றால் பிடிபடும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒன்று.

அப்படியானால் அந்த ஆயிரம் டாலர் எங்கே போகிறது? ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தை ஈடுகட்டுவது), இரண்டாவது கார்டு ஸ்லாட், பெரிய பேட்டரி, முழு மெக்கானிக்கல் ஷட்டர், கூடுதல் பிக்சல். வேலைக்கு உதவும் விஷயங்கள்தான். நாய்ஸைக் குறைக்கும் விஷயங்கள் அல்ல.

கிராப்பிலிருந்து மாறினால் ஒரு ஸ்டாப் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). 3200-ல் இப்போது தெரிகிற மணல் 6400-ல் தெரியும்.

5 ஜூன், காலை

ஒரு ஸ்டாப் என்று எழுதியது அவசரம். சோனி, நிக்கான் கிராப் சென்சார் 1.5 மடங்கு, கேனன் கிராப் 1.6. கேள்வி கேட்டவரிடம் இருப்பது கேனன். பரப்பு 22.3 x 14.9, அதாவது 332 சதுர மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேம் 864. இரண்டு புள்ளி ஆறு மடங்கு. ஏறக்குறைய 1.4 ஸ்டாப் லாபம். 3200-ன் மணல் 8000-க்குப் பக்கத்தில்தான் திரும்ப வரும்.

5 ஜூன், மதியம்

இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த 1.4 ஸ்டாப்பை லென்ஸில் தொலைத்துவிடுவது மிகச் சுலபம்.

ஆர்8-ஐ லென்ஸ் சேர்ந்த கிட்டாக வாங்கினால் கூட வருவது 24-50 எஃப் 4.5-6.3. வெறும் 210 கிராம், ஊர் சுற்ற நல்லது. ஆனால் 50-ல் வைத்தால் அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் கூடினால் வெளிச்சம் குறையும்) எஃப் 6.3. இப்போது உங்கள் கிராப் பாடியில் இருக்கும் 50 எம்எம் எஃப் 1.8. இந்த இரண்டுக்கும் நடுவே 3.6 ஸ்டாப். சென்சாரில் 1.4 ஏறி, லென்ஸில் 3.6 இறங்கி, நிகரமாக 2.2 ஸ்டாப் நஷ்டம். ஒன்றரை லட்சம் போல செலவழித்துவிட்டுப் பழைய கேமராவைவிட மணலான படம்.

யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிற கதை இதுதான். விலையை எப்போதும் பாடியும் லென்ஸும் சேர்த்துப் பாருங்கள். எஃப் 2.8 ஜூம் ஒன்றோடு, வெளியான விலையில் கணக்கு இப்படி வரும்:

ஆர்8, ஆர்எஃப் 28-70 எஃப் 2.8 எஸ்டிஎம் (1099): மொத்தம் 2598 டாலர்.
இசட்5 டூ, நிக்கான் 28-75 எஃப் 2.8 (1199): 2898.
ஏ7 ஃபோர், டேம்ரான் 28-75 எஃப் 2.8 ஜி2 (899): 3398.
பழைய ஏ7 த்ரீ (1999), அதே டேம்ரான்: 2898.

ஆயிரம் டாலர் வித்தியாசம் எண்ணூறு ஆகிவிட்டது. டேம்ரான் 540 கிராம்தான், ஃபில்டர் 67 எம்எம். கம்பெனிகளின் உயர்தர 24-70 எஃப் 2.8 மூன்றுமே தலா 2299 டாலருக்கு வந்தவை. நடுவில் கூர்மை வித்தியாசம் எஃப் 4-க்கு மேல் தேடித்தான் பார்க்க வேண்டும். ஓரங்களிலும் எதிர்வெளிச்சத்திலும்தான் அந்தக் காசு தெரியும்.

8 ஜூன்

"எல்லா ஃபுல் ஃபிரேமும் ஒன்று என்றால் கேனன் ஆர்பி வாங்கிவிடலாமே, பாதி விலை" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

என் முதல் குறிப்பு மங்கிய வெளிச்சத்துக்கு மட்டும் பொருந்தும். ஐஎஸ்ஓ 1600, 3200-ல் ஆர்பியும் மற்றவற்றோடு ஒட்டித்தான் நிற்கும். ஐஎஸ்ஓ 100-ல் கதை வேறு. ஆர்பியின் 26.2 மெகாபிக்சல் சென்சார் 2017-ல் வந்த 6டி மார்க் டூவின் நெருங்கிய சொந்தம். சென்சாரிலிருந்து படத்தைப் படிக்கும்போது சேரும் நாய்ஸ் அதில் அதிகம். ஐஎஸ்ஓ 100-ல் ஏ7 த்ரீயோடு பார்த்தால் நிழலில் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் குறைவு.

எங்கே அடிக்கும்? வெயிலில் வெள்ளை வேட்டியும் கறுத்த கோபுர வாசலும் ஒரே ஃபிரேமில். வேட்டி வெளுத்துப் போகாமல் எக்ஸ்போஸ் செய்துவிட்டு, வாசல் இருட்டைக் கணினியில் மூன்று ஸ்டாப் தூக்கினால் ஆர்பியில் பொரிப்பொரியாக வரும், ஏ7 த்ரீயில் வராது. நிழலைத் தூக்குகிற பழக்கம் இல்லாதவருக்கு ஆர்பி போதும். 1299 டாலருக்கு வந்த கேமராவை அதற்கு மேல் குறை சொல்ல மாட்டேன்.

அதே தினுசில் கேனனின் பழைய 5டி மார்க் த்ரீ. செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கிறது. நிழலைத் தூக்கினால் நாய்ஸ் சிதறலாக வராது, கோடு கோடாக வரும். கோட்டை மென்பொருளால் துடைப்பது கஷ்டம். கேனனில் இது சரியானது 2016-ல், 5டி மார்க் ஃபோர் காலத்தில், சென்சாரிலேயே டிஜிட்டலாக மாற்றும் முறை வந்த பிறகு.

8 ஜூன், சற்று நேரம் கழித்து

விலை கூடினால் தரம் குறையவும் செய்யும், அதற்கும் உதாரணம் இருக்கிறது. நிக்கான் இசட்6 த்ரீ, 2499 டாலர். சென்சாரை இசட்6 டூவைவிட 3.5 மடங்கு வேகமாகப் படிக்கும். அந்த வேகத்துக்குக் கொடுத்த விலை ஐஎஸ்ஓ 100-ல் ஒரு ஸ்டாப்புக்குக் கிட்ட நிழல் இழப்பு. 1699 டாலர் இசட்5 டூ அந்த இடத்தில் அதை ஜெயிக்கும். வீடியோவும் விளையாட்டும் எடுப்பவருக்கு இசட்6 த்ரீ சரி. நிலக்காட்சிக்காரர் கூடக் கொடுத்துக் குறைவாக வாங்குகிறார்.

11 ஜூன்

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் செய்யும் முறை. கடையில் பத்து நிமிஷம் இரண்டு பாடியையும் கொடுத்தால் போதும்.

ட்ரைபாட். மேனுவல் மோட். இரண்டிலும் ஒரே ஷட்டர், ஒரே அப்பர்ச்சர் (எஃப் 5.6), ஒரே ஐஎஸ்ஓ. ஃபோகஸ் மேனுவலில், திரையைப் பெரிதாக்கி. ஐஎஸ்ஓ 100, 800, 3200, 12800-ல் ஒவ்வொரு ரா. பிறகு ஐஎஸ்ஓ 100-ல் வேண்டுமென்றே நான்கு ஸ்டாப் குறைத்து ஒன்று, கணினியில் நிழலைத் தூக்கிப் பார்க்க.

வீட்டில் ஒரே மென்பொருளில் திறக்கவும். வொயிட் பேலன்ஸை (விளக்கின் நிறச் சாய்வைச் சரிசெய்வது) ஒரே சாம்பல் இடத்தில் கிளிக் செய்து எடுக்கவும். ஷார்ப்பனிங்கையும் நாய்ஸ் ரிடக்ஷனையும் இரண்டுக்கும் சுழியாக்கவும், மென்பொருள் சொல்லாமலே கொஞ்சம் போட்டிருக்கும். கடைசியாக இரண்டையும் ஒரே அகலத்துக்கு, 6000 பிக்சலுக்கு, சுருக்கிவிட்டுப் பார்க்கவும்.

பலரும் வழுக்குவது இந்தக் கடைசிப் படியில். 33 மெகாபிக்சலை நூறு சதவீதத்தில் வைத்து 24 மெகாபிக்சலோடு ஒப்பிட்டால் 33 எப்போதும் மோசமாகவே தெரியும். பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு முகத்தில் குழி என்று சொல்கிற மாதிரி.

இன்னொரு பொறி: கேமராவே பதப்படுத்தித் தரும் ஜேபெக்கை ஒப்பிடாதீர்கள். கேனன் தோல் நிறம், சோனி தோல் நிறம் என்கிற சண்டையில் பெரும்பகுதி ஜேபெக் சண்டை. மண்டபத்து மஞ்சள் விளக்கில் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் எடுக்கும் முடிவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அவ்வளவுதான். ரா எடுத்துச் சாம்பல் அட்டை ஒன்றைத் தொடக்கத்தில் ஒரு ஃபிரேம் எடுத்து வைத்தால் சண்டை பாதி அடங்கும். மீதிப் பாதி அடங்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிவப்புப் பட்டும் மருதாணியும் ஒரே ஃபிரேமில் வரும்போது கேனனின் இயல்பான நிறத்துக்குத் திருத்தம் குறைவாகத்தான் தேவைப்படுகிறது. ஆயிரம் படத்துக்கு அது அரை நாள் வேலை.

12 ஜூன்

ஐஎஸ்ஓ பற்றிய துணுக்கு. ஏ7 த்ரீயில் ஐஎஸ்ஓ 640-ல் சென்சார் வேறு கெயினுக்கு (சிக்னலைப் பெருக்கும் அளவுக்கு) மாறும். அதனால் 500-ஐவிட 640-ல் நிழல் சுத்தமாக இருக்கும். ஏ7 ஃபோரில் அந்த மாற்றம் 400-ல். ஏ7 த்ரீ வைத்திருப்பவர் 400, 500-ல் நிற்காமல் 640-க்குப் போய்விடுவது நல்லது, வெளிச்சப் பகுதிக்கு இடம் இருந்தால்.

17 ஜூன்

ஆல்பத்துக்கு எத்தனை மெகாபிக்சல் என்று மூன்று பேர் கேட்டாயிற்று.

நம் ஊர் கல்யாண ஆல்பம் பெரும்பாலும் 12 x 36 அங்குல விரிப்பு. ஒரு பக்கம் 12 x 18. அதற்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் 5400 x 3600, அதாவது 19.4 மெகாபிக்சல். 24 தாராளம்.

ஒரே படத்தை முழு விரிப்புக்கும் நீட்டினால்தான் கணக்கு இறுகும். 24 மெகாபிக்சலில் 6000 பிக்சலை 36 அங்குலத்துக்குப் பரப்பினால் 167 டிபிஐ. 33-ல் (7008 பிக்சல்) 195. 61 மெகாபிக்சல் ஏ7ஆர் ஃபைவில் (9504) 264. ஆல்பத்தை மடியில் வைத்துப் பார்க்கிற தூரத்தில் 167-க்கும் 195-க்கும் வித்தியாசம் தெரியாது. 264 தெரியலாம், பட்டுச் சேலையின் ஜரிகையில் மட்டும்.

ஆனால் அந்த 61-க்கு ஒரு ரா ஃபைல், சுருக்காமல் வைத்தால், 120 எம்பிக்கு மேல். இரண்டாயிரம் படம் என்றால் 240 ஜிபி, பேக்கப் சேர்த்தால் இரட்டிப்பு. கேமராவைவிடக் கணினிதான் முதலில் அழும்.

மெகாபிக்சலைவிட இரண்டு கார்டு ஸ்லாட் எனக்கு முக்கியம். ஆர்8-ல் ஒன்றுதான். ஏ7 த்ரீயில் இரண்டு, ஆனால் இரண்டாவது ஸ்லாட் பழைய யூஎச்எஸ்-1 வேகம்; இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதினால் மெதுவானதன் வேகம்தான் கிடைக்கும், கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபர் நிரம்பி நிற்கும். இசட்5 டூவில் இரண்டும் யூஎச்எஸ்-2. காசு வாங்கிக்கொண்டு தாலி கட்டுவதை எடுப்பவர் ஒற்றைக் கார்டை நம்பி நிற்கக் கூடாது. தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது.

17 ஜூன், இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் ஆர்8-ஐ ஒரு மூலையில் தள்ளின மாதிரி இருக்கிறது. அதன் சென்சார் 2499 டாலர் ஆர்6 மார்க் டூவின் அதே 24.2 மெகாபிக்சல் சென்சார். கார்டும் பேட்டரியும் சேர்த்து 461 கிராம். படத்தை மட்டும் பார்த்தால் இந்தப் பட்டியலில் அதுதான் மலிவு.

குறைத்த இடங்கள் இவை. ஸ்டெபிலைசர் பாடியில் கிடையாது, லென்ஸில் இருந்தால் உண்டு. பேட்டரி சின்ன எல்பி-இ17. முழு மெக்கானிக்கல் ஷட்டர் இல்லை, முதல் திரை எலக்ட்ரானிக். இந்தக் கடைசி விஷயத்துக்கு ஒரு பக்க விளைவு உண்டு. எஃப் 1.8-ல் 1/2000, 1/4000 என்று போனால் பின்னணியில் விளக்கு வட்டங்கள் ஒரு பக்கம் நறுக்கின மாதிரி வரும். வெயிலில் போர்ட்ரெய்ட் எடுத்துப் பின்னணி கரடுமுரடாக இருந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு 1/1000-க்குக் கீழே கொண்டுவாருங்கள்.

ஆர்8-ல் சைலன்ட் (எலக்ட்ரானிக்) ஷட்டருக்கு மாறினால் 14 பிட் ரா 12 பிட்டாகும், பதிவாகும் விவரம் குறையும். ஐஎஸ்ஓ 100-ல் நிழல் குறையும், மண்டபத்து ஐஎஸ்ஓவில் தெரியாது.

23 ஜூன்

சைலன்ட் ஷட்டர் பேச்சு வந்ததால்: மண்டபத்தில் படத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது என்பவர்கள் முதலில் பாடியைக் குறை சொல்ல வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாகப் படிக்கிறது. ஏ7 ஃபோருக்கு அந்தப் பயணம் சுமார் 1/15 நொடி, அதற்குள் விளக்கு ஆறேழு தடவை மங்கிவிடும். ஆறேழு பட்டை. ஆர்8-ல் 15 மில்லிநொடி போல, ஒன்றரைப் பட்டை. நிக்கான் இசட்8-ல் 4 மில்லிநொடிக்குள்.

செய்ய வேண்டியது: மெக்கானிக்கல் ஷட்டர், வேகம் 1/100 அல்லது 1/50. விளக்கின் முழுச் சுழற்சியும் உள்ளே அடங்கிவிடும். அதைவிட வேகம் வேண்டுமென்றால் மெனுவில் ஆன்டி ஃப்ளிக்கர். மேடைக்குப் பின்னே எல்இடி திரை இருந்தால் இதுவும் போதாது, அதன் துடிப்பு வேறு. ஷட்டரை 1/100-லிருந்து மெல்ல மெல்ல நகர்த்திப் பட்டை எங்கே மறைகிறது என்று முகூர்த்தத்துக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

2 ஜூலை

செகண்ட் ஹேண்ட், கிரே மார்க்கெட் (கம்பெனி வழியாக வராத இறக்குமதி) இரண்டையும் சேர்த்து.

டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 2019 ஜனவரியிலிருந்து 18 சதவீதம், அதற்கு முன் 28. கிரே மார்க்கெட்டில் குறைகிற தொகை பெரும்பாலும் இந்த வரிதான். போவது இந்திய வாரண்டி. ஸ்டூடியோவுக்கு ஜிஎஸ்டி எண் இருந்தால் பில்லோடு வாங்கி வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம், அப்போது கிரே மார்க்கெட்டின் லாபமே கரைந்துவிடும். கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள்.

பழைய பாடி பார்க்கும்போது: எஃப் 16-ல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்து, கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பாருங்கள். பஞ்சு போன்ற சாம்பல் புள்ளி தூசு, ஊதினால் போகும். ஓரம் கூர்மையான சின்ன வட்டம் எண்ணெய், ஊதிப் போகாது. 2012-ல் வந்த நிக்கான் டி600 இதற்குப் பேர் போனது. 2013-லேயே டி610 வந்தது, கம்பெனியே டி600-க்கு இலவசமாக ஷட்டர் மாற்றிக் கொடுக்கவும் வேண்டி வந்தது. டி600 மலிவாகக் கிடைத்தால் ஷட்டர் மாற்றின ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நல்ல பேரம், 24 மெகாபிக்சல் சென்சார் இன்றைக்கும் தலைகுனிய வேண்டியதில்லை.

பிறகு லென்ஸ் மூடி போட்டு 30 நொடி எக்ஸ்போஷர், நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்து. ஒளிரும் புள்ளி சில இருந்தால் சாதாரணம். வரிசையாக இருந்தால் வாங்காதீர்கள். ஷட்டர் எண்ணிக்கை: ஏ7 த்ரீ இரண்டு லட்சம், ஆர்பி ஒரு லட்சம் என்று கம்பெனி கணக்கு. 40,000 ஓடினது கவலையில்லை.

2 ஜூலை, மறந்தது

பழைய லென்ஸை டார்ச் அடித்து எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இருந்தால் ஃபங்கஸ். கடலோர ஊர்க்காரர்கள் பையிலேயே வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல், உள்ளே இருபது முப்பது ரூபாய் அதிகமானாலும் ஒரு ஈரப்பத மீட்டர். 40-50 சதவீதத்தில் நிறுத்துங்கள். 30-க்குக் கீழே போனால் ரப்பர் பிடி காயும். நீல ஜெல் ரோஸ் நிறமானால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுக்கலாம், அதே வாணலியில் கடுகு தாளிக்கக் கூடாது.

9 ஜூலை

கேள்வி கேட்டவரின் பழைய லென்ஸ்கள் விஷயம் விட்டுப்போயிற்று. 50 எஃப் 1.8 கேனன் அடாப்டரோடு ஆர்8-ல் ஆட்டோஃபோகஸ் குறையில்லாமல் ஓடும், படத் தரமும் மாறாது. அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் இடைவெளி. ஈஎஃப் மவுண்ட் தூரம் 44 மில்லிமீட்டர், ஆர்எஃப் 20. நடுவிலுள்ள 24-ஐ நிரப்புகிற வளையம்தான் அது. 18-55 கிராப் லென்ஸ். அதை மாட்டினால் பாடி தானாகவே நடுப்பகுதியை மட்டும் எடுக்கும், கிடைப்பது சுமார் 9 மெகாபிக்சல். விற்றுவிடலாம்.

நிக்கான் பழைய லென்ஸ்காரர்களுக்கு: பழைய லென்ஸை இசட் பாடியில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் கிடையாது. உள்ளே மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும். 85 எஃப் 1.8 டி வைத்திருப்பவர்கள் இதைத் தெரியாமல் மாறி முழிக்கிறார்கள்.

இந்த அடாப்டர் சேமிப்பையும் சேர்த்தால் கேள்வி கேட்டவருக்கு என் வரிசை: வீட்டு விசேஷம், நண்பர்கள் என்றால் ஆர்8, 28-70. காசு வாங்கி எடுப்பதென்றால் இசட்5 டூ, 28-75. ஏ7 ஃபோர் இரண்டுக்கும் பிறகு, லென்ஸ் தேர்வு விரிவாக வேண்டுமென்றால் மட்டும். கேனன் ஆர்எஃப்-பில் ஃபுல் ஃபிரேமுக்கு சிக்மா, டேம்ரான் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் இல்லை என்பது ஆர்8-க்கு எதிரான பெரிய வாதம். சோனியில் அது கொட்டிக் கிடக்கிறது.

14 டிசம்பர் 2025

கேனன் ஆர்6 மார்க் த்ரீ நவம்பரில் 2799 டாலருக்கும், சோனி ஏ7 ஃபைவ் இந்த மாதம் 2899-க்கும் வந்துவிட்டன. 32.5, 33 மெகாபிக்சல். இரண்டும் ஓடுவது வேகத்தின் பின்னால். மண்டபத்தில் ஐஎஸ்ஓ 6400-ல் மேலே எழுதினது எதையும் மாற்ற வேண்டியதில்லை. நடப்பது வேறு: ஏ7 ஃபோரும் ஆர்6 மார்க் டூவும் செகண்ட் ஹேண்டில் அதிகம் வரத் தொடங்கும். ஜூலை மாதத்து வரிசையில் ஏ7 ஃபோரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் விலை மட்டும்தான். இசட்5 டூ புதுசு விலைக்கு அது பழசாகக் கிடைத்தால் மேலே ஏற்றிவிடுங்கள். டேம்ரானுக்கு ஒதுக்கின காசில் கை வைக்காமல்.

15 டிசம்பர்

ஆர்8 வாங்கியவர் ஒருவர் பேட்டரி எத்தனை எடுக்க என்று கேட்கிறார். காலை முகூர்த்தம் மட்டும் என்றால் கேமராவில் ஒன்று, பையில் இரண்டு. முதல் நாள் வரவேற்பும் சேர்ந்தால் பையில் நான்கு, கூடவே பவர் டெலிவரி (பிடி) வசதியுள்ள யூஎஸ்பி-சி பவர் பேங்க். எலக்ட்ரானிக் வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் தீரும், சாப்பாட்டுப் பந்தியின்போது ஆஃப் செய்துவிடுங்கள்.